நம் ஊர் மருத்துவக் கல்லூரிகளை யார் எழுதுவது?

புதுச்சேரி–கடலூர் சாலையில், பாகூர் கொம்யூனுக்குள், கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரியும் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றன. வில்லியனூர் கொம்யூனில், விழுப்புரம் சாலையில் உள்ள அரியூரில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியும், ஊசுட்டேரிப் பகுதியில் அகரம் கிராமத்தில் ஸ்ரீ லட்சுமி நாராயணா மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இரண்டு கிராமப்புறக் கொம்யூன்களில் நான்கு மருத்துவக் கல்லூரிகள். ஒரு மருத்துவக் கல்லூரிகூட இல்லாத மாவட்டங்கள் பல உள்ள நாட்டில் இது சாதாரண எண்ணிக்கை அன்று.

இவ்வளாகங்களுக்கு அருகிலுள்ள காலனி ஒன்றில் வாழும் மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இக்கல்லூரிகளைப் பற்றி அறிய விரும்பினால் யாரைக் கேட்பாள்? வீட்டில் கல்லூரிக்குச் சென்றவர் இல்லை. உறவில் மருத்துவர் இல்லை. அவள் கைப்பேசியில்தான் தேடுவாள். தேடுபொறி முன்வரிசையில் காட்டுபவற்றுள் ஒன்று விக்கிப்பீடியா. இன்று மாணவர்கள் கேள்வி கேட்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் விக்கிப்பீடியாவைத் தம் பயிற்சித் தரவுகளுள் ஒன்றாகக் கொண்டவை. எனவே அக்கலைக்களஞ்சியத்தில் எழுதப்பட்டிருப்பதும், எழுதப்படாமல் விடப்பட்டிருப்பதும் அவளுடைய வாழ்க்கை முடிவைத் தொடுகின்றன.

இக்கட்டுரைகளைத் திருத்தும் உரிமை எவர்க்கும் உண்டு. அவ்வுரிமையை நாம் ஏன் குழுவாகக் கையில் எடுக்க வேண்டும், எடுத்தால் எந்த வரம்புக்குள் நின்று எழுத வேண்டும் என்பதே இங்குப் பேசப்படும் பொருள்.

ஒற்றை வரியில் அடங்கிய சமூக நீதி

கல்லூரியைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு தகவற்பெட்டி இருக்கும். நிறுவப்பட்ட ஆண்டு, வகை, இணைப்பு, அமைவிடம், இணையதளம் என அது நீளும். இவற்றுள் ‘இணைப்பு’ என்னும் வரியைப் பெரும்பாலோர் கடந்து போய்விடுவர். தலித் மாணவருக்கோ அப்பெட்டியின் மிக முக்கியமான வரி அதுதான்.

மேற்சொன்ன நான்கு கல்லூரிகளையே எடுத்துக்கொள்வோம். பிள்ளையார்குப்பம் கல்லூரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தின் உறுப்பு. கிருமாம்பாக்கம் கல்லூரி சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட விநாயகா மிஷன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் உறுப்பு. அகரம் கல்லூரி சென்னையின் பாரத் உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தது. இம்மூன்றும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அரியூர்க் கல்லூரி மட்டுமே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இயங்கும் தனியார் கல்லூரி.

இந்த வேறுபாட்டின் விளைவு என்ன? புதுச்சேரிப் பல்கலைக்கழக இணைப்புள்ள தனியார் கல்லூரிகள் தம் இடங்களில் ஒரு பகுதியை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. அவ்விடங்களைச் சென்டாக் நிரப்புகிறது. அங்குப் பட்டியல் சாதியினருக்குப் புதுச்சேரி அரசின் 16 விழுக்காடு இடஒதுக்கீடு செயல்படுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களை மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு அகில இந்திய அளவில் நிரப்புகிறது. அக்கலந்தாய்வில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு இல்லை. 2005ஆம் ஆண்டின் 93ஆவது அரசமைப்புத் திருத்தம் தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு வழங்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 2014இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதியும் செய்தது. ஆயினும் 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவன இடஒதுக்கீட்டுச் சட்டம் மத்திய அரசு நடத்தும் அல்லது நிதியுதவி தரும் நிறுவனங்களோடு நின்றுவிட்டது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை அது தொடவில்லை.

புதுச்சேரியில் அரசுப் பள்ளி மாணவர்க்கான 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு நீண்ட இழுபறிக்குப் பின் 2023இல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குள் மட்டுமே. ஆக, பாகூர் கொம்யூனில் இரண்டு மருத்துவக் கல்லூரிகள் இருந்தும், அவ்விரண்டிலும் பாகூர்த் தலித் மாணவிக்கென ஒதுக்கப்பட்ட மருத்துவ இடம் ஒன்றுகூட இல்லை. மருத்துவக் கல்லூரி நடத்துவதற்கு மருத்துவமனைப் படுக்கைகளில் குறைந்தபட்ச அளவு நோயாளிகள் இருந்தாக வேண்டும் என்பது ஒழுங்குமுறை விதி. அப்படுக்கைகளை நிரப்புவோரில் சுற்றுப்புற ஊர்களின் கூலி உழைப்பாளர் மிகப் பலர். பயிற்சி மருத்துவரின் கைப்பழக்கம் அவர்களின் உடல்களில்தான் உருவாகிறது. அவ்வுழைப்பாளரின் பிள்ளைகள் அதே வகுப்பறைக்குள் எந்த வாயில் வழியாக நுழையலாம் என்பதை ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை சொல்லாவிடில், அதன் முதன்மைப் பயனை அது இழக்கிறது.

இச்செய்திகள் எவையும் மறைபொருள் அல்ல. சேர்க்கைக் கையேடுகளிலும் அரசாணைகளிலும் மருத்துவ ஆணையத்தின் பட்டியல்களிலும் அவை சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, எளிய தமிழில், சான்றோடு ஓரிடத்தில் வைப்பதுதான் மீதமிருக்கும் வேலை.

செப்பேட்டில் யார் இருந்தனர்?

ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அக்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு பதிந்து வைத்திருக்கிறது. அரசன், அவன் குலமரபு, கொடையாளி, கொடை பெற்ற கல்விநிலையம் ஆகிய செய்திகள் அதில் உள்ளன. அம்மூன்று ஊர்களின் வயல்களில் ஏர் பிடித்தவர்களும் நாற்று நட்டவர்களும் அந்தக் கல்வியில் பங்கு பெற்றனரா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. ஆனால் இன்று பாகூரின் வரலாற்றை எழுதுவோர்க்கு அச்செப்பேடே முதன்மைச் சான்று.

சான்று என்பது வானிலிருந்து விழுவதன்று. பொன்னும் நிலமும் எழுத்தும் யாரிடம் இருந்தனவோ அவர்களே சான்றுகளை உருவாக்கினர். அவர்களுடைய சான்றுகளே காலத்தைக் கடந்தன. விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளுள் ஒன்று மெய்யறிதன்மை: நம்பகமான வெளியீடு ஒன்றில் ஏற்கெனவே பதிவானதை மட்டுமே எழுத வேண்டும். இவ்விதி பார்வைக்குச் சாதியற்றது. ஆனால் அச்சேறியவற்றை மட்டும் ஏற்கும் விதி, அச்சுக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வாழ்வை இயல்பாகவே வெளியே நிறுத்திவிடும். கல்லூரி நிறுவனரின் பிறந்தநாளும் பட்டமளிப்பு விழாவும் நாளேடுகளில் வரும். அக்கல்லூரியின் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருடைய ஊதியம் வராது. கல்லூரி எழுந்த நிலத்தில் முன்பு உழைத்தவர் பெயரும் வராது.

அப்படியானால் இவ்விதியை நாம் எதிர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. அது நமக்குப் பயன்படும் விதி. ஏன் என்பதை ஒரு நிகழ்வு விளக்கும்.

ஒரு கல்லூரிக் கட்டுரையின் பாடம்

ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒரு காலத்தில் இந்திய நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரங்களால் அறியப்பட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிய கட்டுரையை, நிருவாகி உரிமை பெற்றிருந்த ஒரு பயனர் பல ஆண்டுகள் அந்நிறுவனத்துக்குச் சாதகமாக வளைத்துவந்தார். விமரிசனச் செய்திகள் நீக்கப்பட்டன, புகழுரைகள் காக்கப்பட்டன. அக்கட்டுரையை நம்பிச் சேர்க்கை முடிவெடுத்த குடும்பங்கள் எத்தனை என்பதை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. இறுதியில் அதை வெளிக்கொணர்ந்தவர்கள் ஊதியமற்ற பிற தன்னார்வலர்கள். பதிப்பு வரலாற்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு தொகுத்து, எந்தச் சான்று எப்போது அகற்றப்பட்டது என்று வரிசைப்படுத்தி, நடுவர் குழுவின் முன் வைத்தனர். 2015இல் அப்பயனர் தடை செய்யப்பட்டார்.

இந்நிகழ்வு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கல்லூரிக் கட்டுரைகள் பணம் புரளும் களம் என்பது ஒன்று. ஊதியம் பெற்றுத் தொகுப்போர் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகள் கட்டாயப்படுத்துவதும் இதனால்தான். பணபலத்துக்கு எதிராகத் தன்னார்வலர்களிடம் இருந்த ஒரே கருவி ‘சான்று எங்கே?’ என்ற கேள்வி என்பது மற்றொன்று. ‘உலகத் தரம் வாய்ந்த’, ‘தென்னிந்தியாவின் தலைசிறந்த’ போன்ற தொடர்களை ஒரு மாணவர் தம் வீட்டிலிருந்தே நீக்கிவிட முடியும். அத்தொடர்களுக்குச் சான்று காட்டும் கடமை அவற்றை எழுதியவருடையது. நிறுவனருக்கும் மாணவருக்கும் ஒரே விதி பொருந்தும் இடங்கள் நம் சமூகத்தில் அதிகம் இல்லை.

சான்று வரியாக மாறும் வழி

எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் முறை பற்றி அம்மாணவர்கள் நீண்ட காலம் பேசிவந்தனர். அப்பேச்சு எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஏற முடியாத பேச்சாக இருந்தது. 2006இல் சுகதேவ் தோரட் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. விடுதியிலும் மதிப்பீட்டிலும் அன்றாடப் பழக்கத்திலும் பாகுபாடு நிலவுவதாக அக்குழு 2007இல் அறிக்கை அளித்தது. எய்ம்ஸ் நிர்வாகம் அவ்வறிக்கையை ஏற்க மறுத்தது. இன்று இவ்விரண்டையும், அறிக்கையின் முடிவையும் நிர்வாகத்தின் மறுப்பையும், எவரும் கலைக்களஞ்சியத்தில் எழுதலாம். வலி அதே வலிதான். அது ஆவணமான பிறகே அதற்கு ஒரு வரி கிடைத்தது.

இதிலிருந்து நம் பணி இரண்டாகப் பிரிகிறது. சான்றுள்ளவற்றை இன்றே எழுதுவது முதற்பணி. சான்றில்லாதவற்றுக்குச் சான்று உருவாக்குவது இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தோல்வி உறுதி. தான் கண்ட கொடுமையை ஒருவர் நேரடியாகக் கட்டுரையில் எழுதினால், ‘சொந்த ஆய்வு’ என்று அது சில மணி நேரத்தில் நீக்கப்படும். நீக்கியவர் சாதியவாதியாக இருக்க வேண்டியதில்லை; விதியைப் பின்பற்றியவராகவும் இருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதிலும் அப்படியே சான்றாகாது. அதை ஓர் ஊடகமோ ஆய்வறிக்கையோ சரிபார்த்து வெளியிட வேண்டும்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும், 1907இல் சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியதும் இந்தத் தேவையால்தான். பிறர் ஏடுகள் நம்மைப் பதியாதபோது நம் ஏடுகளை நாமே நடத்த வேண்டும் என்று அவர்கள் கண்டனர். இன்று அக்காலத் தலித் வரலாற்றை எழுதுவோர் அவ்விதழ்களைத்தான் சான்றாக எடுக்கின்றனர். நம் காலத்தின் தலித் ஊடகங்களுக்கும் அதே பொறுப்பு உண்டு. தேதி, எண், ஆவணம், எதிர்த்தரப்பின் பதில் ஆகியவற்றோடு வெளியாகும் ஒரு செய்தி நாளை கலைக்களஞ்சியத்தின் சான்றாகும். முழக்கமாக மட்டும் வெளியாகும் கட்டுரை ஆகாது.

புதுச்சேரிக் கிராமங்களில் இப்பணியின் தேவை கூடுதலானது. இங்கு 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் உறுப்பினர் எழுப்பும் கேள்வி, பஞ்சாயத்துத் தீர்மானம், கூட்டக் குறிப்பு ஆகிய ஊர்மட்ட ஆவணங்கள் எவையும் அக்காலத்தில் உருவாகவில்லை. அவ்வெற்றிடத்தை மாணவர்களும் இயக்கங்களும்தான் நிரப்ப வேண்டும்.

கூடி எழுதும் முறை

தனி ஒருவர் இதைச் செய்ய இயலாது. செய்தாலும் நிலைக்காது. வில்லியனூரிலோ பாகூரிலோ ஐந்து மாணவர்கள் சேர்ந்தால் போதும். ஒருவர் மருத்துவ ஆணையத்தின் பட்டியலிலிருந்து அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையை ஆண்டோடு எடுக்கட்டும். ஒருவர் சென்டாக், மருத்துவக் கலந்தாய்வுக் குழு ஆகியவற்றின் கையேடுகளைப் படிக்கட்டும். ஒருவர் நாளேட்டுச் செய்திகளைத் தொகுக்கட்டும். ஒருவர் மணல்தொட்டியில் வரைவு எழுதட்டும். ஐந்தாமவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து, மாற்றங்களை முறைவைத்துக் கவனிக்க வேண்டும். ஒரு கல்லூரியின் இணைப்பும் இடங்களும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறலாம். திருத்தப்படாத பழைய எண் மாணவரை ஏமாற்றும்.

எழுதும் நடையைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு. ‘ஏழைகளின் நோயை மூலதனமாக்கி, தலித் மாணவரைத் துரத்தும் கல்லூரி’ என்று எழுதினால் அது ஒரு நாள்கூட நில்லாது. ‘இக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. இதன் இளநிலை மருத்துவ இடங்கள் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவால் நிரப்பப்படுகின்றன. புதுச்சேரி அரசின் இடஒதுக்கீடு இவ்விடங்களுக்குப் பொருந்தாது’ என்று சான்றோடு எழுதினால் அதை எவராலும் எளிதில் அகற்ற முடியாது. முதல் வாக்கியம் எழுதியவரின் சினத்தைத் தணிக்கும். இரண்டாவது, படிக்கும் மாணவியின் கையில் உண்மையைக் கொடுக்கும். அவளே அதிலிருந்து சினம் கொள்ளட்டும்.

கல்லூரி செய்யும் நற்பணிக்குச் சான்று இருந்தால் அதையும் நாமே எழுத வேண்டும். நடுநிலை நோக்கு என்பதன் பொருள் அதுதான். உயிருடன் இருப்பவரின் சாதியை அவரே பொதுவில் அறிவிக்காதவரை குறிப்பிடக்கூடாது என்ற நடைமுறையும் ஆங்கில விக்கிப்பீடியாவில் உண்டு. தம் சாதியை மறைத்து வாழ நேர்ந்த ஒவ்வொருவருக்கும் அது காப்பு. நாமும் அதை மதிக்க வேண்டும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், பங்களிப்பாளர்கள் பொதுவாக உரையாடும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஊர் ஆலமரத்தடி நம் முன்னோர் எட்டி நின்று கைகட்டித் தீர்ப்புக் கேட்ட இடம். இணையத்து ஆலமரத்தடியில் எவரும் அமரலாம், எவரும் வினவலாம். ஆனால் அங்கும் நாம் சென்று அமர்ந்தால்தான் அது எல்லார்க்குமான இடமாகும். அங்குள்ள மூத்த பங்களிப்பாளர்கள் பலர் புதியவர்க்குப் பொறுமையுடன் வழிகாட்டுபவர்கள். முதல் நாளிலேயே சர்ச்சைக்குரிய கட்டுரையில் கை வைக்காமல், எழுத்துப்பிழை திருத்தியும், சான்று சேர்த்தும், ஊர்களைப் பற்றிய குறுங்கட்டுரைகளை வளர்த்தும் நம்பிக்கை பெறுவது நல்லது. முரண்பாடு வந்தால் மாறி மாறி நீக்கிக்கொண்டிராமல் உரையாடல் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். அக்காரணமும் நிலையான பதிவாகிறது. பின்னால் வருபவர் அதைப் படிப்பார்.

காப்பும் துணிவும்

இவ்வேலையில் இடரே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2024இல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் விக்கிப்பீடியா மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தபோது, தொகுத்தவர்களின் விவரங்கள் கோரப்பட்டன. அவ்வழக்கைப் பற்றிய கட்டுரையே நீதிமன்ற ஆணையால் நீக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நீக்க ஆணையை ரத்து செய்தது. கிராமத்துத் தலித் மாணவர் ஒருவருக்கு வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்றே குடும்பத்தைக் கலங்கச் செய்யும். எனவே இயற்பெயரில் எழுதாமல் புனைபெயரில் கணக்குத் தொடங்குங்கள். தாம் படிக்கும் கல்லூரியின் கட்டுரையைத் தாமே தொகுக்காமல் குழுவின் மற்றொருவரிடம் விடுங்கள். சான்றில்லாத ஒரு சொல்லையும் எழுதாதீர்கள். சான்று நம் வாதத்துக்கு வலிமை. நமக்குக் காப்பும் அதுவே.

இடஒதுக்கீட்டுக்கான போராட்டம் வீதியிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடக்க வேண்டியது. தனியார் கல்லூரிகளின் இடங்களில் 50 விழுக்காட்டை அரசு ஒதுக்கீடாகப் பெற வேண்டும் என்ற கோரிக்கை புதுச்சேரியில் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இடஒதுக்கீட்டை விரிவாக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்திடம் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கலைக்களஞ்சியம் அப்போராட்டத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் தம் ஊர்க் கல்லூரியில் தமக்கு இடமில்லை என்பதே தெரியாத ஒரு தலைமுறையை எந்தப் போராட்டத்துக்கும் அழைக்க முடியாது.

நான்கு கல்லூரிகள், நான்கு கட்டுரைகள், ‘இணைப்பு’ என்ற நான்கு வரிகள். பணியை அங்கிருந்து தொடங்கலாம். இந்தக் கல்வியாண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பதிவிறக்கி, ஐந்து பேர் ஒரு மாலை நேரம் அமர்ந்தால் முதல் கட்டுரை முடிந்துவிடும்.